வெள்ளித்தாள் மூடிய குழாய்கள்

எனக்குக் கால் ஆட்டும் பழக்கம் உண்டு. உட்கார்ந்தால் போதும், வலது கால் தானாக ஆடத் தொடங்கிவிடும். சோற்றுத் தட்டுக்கு முன்னால் ஆடும், டவுன் பஸ்ஸில் ஆடும், கம்பெனியில் சர்க்யூட் போர்டு மேல் குனிந்து சால்டரிங் வைக்கும்போதும் மேசைக்கடியில் ஆடிக்கொண்டிருக்கும். பக்கத்து சீட்டில் இருந்தவள் தன் கை நடுங்குகிறது என்று சூப்பர்வைசரிடம் புகார் சொல்லி இடம் மாற்றிக்கொண்டு போனாள். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் கட்டில் ஆடுகிறதே, நிலநடுக்கமோ என்று எழுந்து உட்கார்ந்திருக்கிறார். அன்றிலிருந்து அவர் என்னிடம் அதிகமாகச் சொன்ன வார்த்தை ‘கால ஆட்டாத’ என்பதுதான்.

காத்திருப்பது எனக்கு ஆகவே ஆகாது. ரேஷன் கடை வரிசையில் நின்றால் எனக்கு முன்னால் இருப்பவரின் பையையும் நானே பிடித்து அரிசி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். அப்படிப்பட்டவளைப் பிடித்து என் அண்ணன் பொத்தான் பெட்டி முன்னால் உட்கார வைத்தார்.

அண்ணன் வாணவேடிக்கை நடத்துகிறவர். லைசென்ஸ் அவர் பேரில் இருக்கிறது. ஓசூரைச் சுற்றியும் கிருஷ்ணகிரி வரையிலும் கோயில் திருவிழா, கம்பெனி ஆண்டு விழா, கல்யாண வரவேற்பு என்று கூப்பிடுகிற இடத்துக்கெல்லாம் போவார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஷிப்ட் இல்லாத நாட்களிலும் நானும் என் வீட்டுக்காரரும் மூக்கண்டப்பள்ளியில் வீட்டைப் பூட்டிவிட்டு அவரோடு குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியில் ஏறிவிடுவோம். வீட்டுக்காரருக்கு வயர் இழுக்கும் வேலை. எனக்குப் பொத்தான் வேலை. பரபரப்பாக இருக்கிறவளுக்கு வானம்தான் சரி என்று அண்ணன் சொன்னார். அவர் கிண்டலாகச் சொன்னது அப்படியே நிலைத்துவிட்டது.

பார்க்க வருகிறவர்களுக்கு எல்லாமே வெடிதான். கன்னடக்காரர்கள் பாண பிருசு என்பார்கள். எங்களுக்குள் பேச்சு வேறு. மேலே போய் விரிவது குண்டு. அதை அனுப்புகிற தடித்த பிளாஸ்டிக் குழாயைப் பலகைச் சட்டத்தில் வரிசையாக நிறுத்தி, சட்டத்தைச் சுற்றி மண்மூட்டை அடுக்குவோம். பெட்டி நிறையச் சின்னக் குழாய்கள் கட்டி ஒன்றன்பின் ஒன்றாகப் படபடவென்று போவதற்கு கேக் என்று பெயர். முதல்முறை அண்ணன் ‘கேக்கைத் தூக்கி வை’ என்றபோது நான் பேக்கரி டப்பாவைத் தேடினேன். வெறும் சத்தம் மட்டும் போடுகிறது அதிர்வேட்டு. வட்டமாகப் பூத்து சட்டென்று அணைவதற்கு வெளிநாட்டுப் பூ ஒன்றின் பெயர் அட்டையில் போட்டிருக்கும், அது யார் வாயிலும் நுழையாது. நாங்கள் செவ்வந்தி என்போம். எனக்குப் பிடித்தது கடைசியில் விடுகிறது. தங்க நிறத்தில் விரிந்து, அணையாமல், மெல்ல மெல்லக் கீழே வழிந்துகொண்டே வரும். அண்ணன் அதற்குச் சடை என்று பெயர் வைத்திருக்கிறார். ஐந்து சடைகளை விசிறி மாதிரி சாய்த்து ஒரே நேரத்தில் விட்டால் வானம் பூராவும் ஒரே பெண்ணின் கூந்தல்தான். அந்த ஒரு தருணத்தில் மட்டும் என் கால் ஆடுவதில்லை என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார்.

பொத்தான் பெட்டியில் ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் ஒரு சிவப்பு விளக்கு இருக்கும். ஸ்விட்சிலிருந்து வயர் போய் குண்டோடு சேர்ந்த மின்திரியில் முடியும். தட்டினால் மின்திரி பற்ற வேண்டும், விளக்கு அணைய வேண்டும், குண்டு மேலே போக வேண்டும். முதல் இரண்டும் நடந்து மூன்றாவது நடக்காமல் போகிற நாளும் உண்டு. அடியில் இருக்கிற மருந்து ஈரம் பட்டிருந்தால் போதும். அதனால்தான் குண்டு போட்ட குழாயின் வாயை வெள்ளித்தாளால் மூடிவிடுவோம், சமையலறையில் சப்பாத்தி சுற்றுகிற அதே ஃபாயில்தான். பக்கத்துக் குழாயின் பொறி உள்ளே விழாது, தூறல் இறங்காது. குண்டு கிளம்பும்போது தாளைக் கிழித்துக்கொண்டு போய்விடும். எல்லாம் முடிந்ததும் தூரத்தில் நின்று டார்ச் அடித்துப் பார்ப்போம். தாள் கிழிந்திருந்தால் அது காலி. கிழியாமல் பளபளவென்று இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். அந்த ஆள் எப்போது வேண்டுமானாலும் வெளியே வருவான். அரைமணி நேரம் ஆகி அண்ணன் விசில் ஊதும் வரை யாரும் குழாய்க்குப் பக்கத்தில் போகக்கூடாது. ஊதிய பிறகும் குழாயின் வாய்க்கு மேலே தலையைக் கொண்டுபோகக் கூடாது.

இதெல்லாம் என் வீட்டுக்காரருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நிதானமான மனிதர். கோபம் வந்தால்கூட முதலில் சட்டையை மாட்டிவிட்டுத்தான் கோபப்படுவார். அவரிடம் இருக்கிற ஒரே கோளாறு, வாய் திறந்த குழாயைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. ஹைட்ராலிக் சிலிண்டர் செய்கிற யூனிட்டில் வேலை. அங்கே ஒரு பைப்பைக் கழற்றினால் அடுத்த மூச்சு விடுவதற்குள் அதன் வாயில் மூடி போட வேண்டும். ஒரு துளி தூசி உள்ளே போனால் மெஷினே போச்சு. வருஷக்கணக்காக அதையே செய்து செய்து கை அப்படியே பழகிவிட்டது. எங்கள் வீட்டில் வாஷிங் மெஷின் பைப்பைக் கழற்றி வைத்தால் அதன் வாயில் ரப்பர் பேண்டு போட்ட பாலிதீன் இருக்கும். மொட்டை மாடியில் பக்கத்து போர்ஷன்காரர்களின் காலி பைப்புக்கும் அவர்தான் மூடி.

அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. நான் சொல்லப்போகிற நாளுக்குக் கொஞ்சம் முன்னால், ஓசூரில் வேடிக்கை முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. காலிக் குழாய்களுக்குள் தண்ணீர் நின்றது. ஓசூர்க் குளிரில் அதெல்லாம் லேசில் காயாது. அடுத்த நாள் கிருஷ்ணகிரியில் குண்டுகள் சோம்பேறித்தனமாகப் பாதி உயரத்தில் விரிந்தன. அண்ணனுக்கு அவமானமாகப் போய்விட்டது. எல்லோர் முன்னாலும் வீட்டுக்காரரைப் பார்த்து, நனையாமல் மூடி வைக்கக்கூட ஆளில்லையா என்று கத்திவிட்டார். மனிதர் வரும் வழியெல்லாம் வண்டி ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இந்த முறை தளியைத் தாண்டி ஒரு ஊர். அந்தப் பக்கம் ரோஜாத் தோட்டம், முட்டைகோஸ், தக்காளி. கோயில் கமிட்டியில் கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். ஊருக்கு மூத்தவர் ஒரு கவுடர், முண்டாசு கட்டியவர், மெதுவாகப் பேசுபவர். அந்த ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. வேடிக்கை முடிந்ததும் அதன் புகை கலைவதற்குள் அம்மனின் பல்லக்கு மைதானத்தைத் தாண்டி எதிர்ப்பக்கத்துக்குப் போய்விட வேண்டும். புகைக்குள் புகுந்து வெளியே வந்தால்தான் அம்மன் திருஷ்டி கழிந்து ஊருக்குள் வருகிறாள். பல்லக்குத் தூக்குகிறவர்கள் புகையில் இருமிக்கொண்டே ஓடுவார்கள், பின்னால் ஊரே ஓடும். அண்ணன் இந்தப் பேச்சை ஆரம்பத்திலேயே எடுத்தார். அரைமணி நேரம் பொறுத்துத்தான் விடுவேன் என்றார். அவர்கள் தலையாட்டினார்கள். ஒவ்வொரு வருஷமும் வருகிறவர்களிடம் இப்படித்தான் தலையாட்டியிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது.

இருட்டியதும் ஆரம்பித்தோம். மேகம் தாழ இறங்கியிருந்தது. கேக், செவ்வந்தி, அதிர்வேட்டு என்று எல்லாம் ஒழுங்காகப் போயின. குழந்தைகள் கத்தியது என் இடம் வரை கேட்டது. கடைசியில் ஐந்து சடைக்கும் விரல்களை விரித்துவைத்து ஒன்றாகத் தட்டினேன். ஐந்து விளக்கும் அணைந்தன. வானத்தில் தங்கம் வழிந்தது. கூட்டம் ‘ஓ’வென்றது.

என் கால் ஆடிக்கொண்டிருந்தது.

எதையோ என் கண் பிடித்துவிட்டது, புத்திக்கு அது வந்துசேரக் கொஞ்சம் நேரமானது. கூந்தலில் இடதுபக்கம் ஒரு இடம் காலியாக இருந்தது. ஐந்து சடை சேர்ந்தால் நடுவில் இருட்டே தெரியாது. எனக்குத் தெரிந்தது. ஒரு குண்டு குறைகிறது. ஒன்று அது குழாயைவிட்டுக் கிளம்பவே இல்லை, இல்லையென்றால் கிளம்பிப் போய் விரியாமல் எங்கோ மைதானத்தில் விழுந்து கிடக்கிறது.

அண்ணனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் கமிட்டிக்காரர்களின் கைகுலுக்கலில் இருந்தார்.

“புகைல தெரிஞ்சிருக்காதும்மா. அஞ்சும் போச்சு, நானே பாத்தன்” என்றார்.

“நாலுதாண்ணா. எடப்பக்கம் ஓட்டையா இருந்துச்சு.”

சரி, தாளைப் பார்த்தால் தெரிந்துவிடுகிறது என்று டார்ச்சை எடுத்தார். இருவரும் கயிறு கட்டிய எல்லைக்கு வந்து நின்றோம். அதற்குள் தூறல் ஆரம்பித்திருந்தது. அண்ணன் வெளிச்சத்தைக் குழாய் வரிசையில் நீளமாக ஓட்டினார். எல்லாக் குழாய்களும் பளபளவென்று திருப்பி மின்னின. கிழிந்த தாள் ஒன்றுகூட இல்லை. ஒரு கணம் நாங்கள் எதையுமே விடவில்லையோ என்றுகூட எனக்குத் தோன்றியது. பிறகுதான், வரிசையின் கடைசியில், வாயில் சின்ன டார்ச்சைக் கவ்விக்கொண்டு, கக்கத்தில் ஃபாயில் உருளையோடு, ஒரு குழாய்க்கு மேல் குனிந்து நிற்கிற ஆளைப் பார்த்தேன். தாளைக் கிழித்து, குழாயின் வாயில் வைத்து, கட்டைவிரலால் சுற்றிலும் அழுத்தி அழுத்தி மூடிக்கொண்டிருந்தார்.

தூறல் விழுந்ததும் என் அண்ணன் அன்றைக்குத் திட்டியது அவர் ஞாபகத்துக்கு வந்திருக்கிறது. விசில் ஞாபகத்துக்கு வரவில்லை. காலிக் குழாய்கள் நனையக்கூடாது என்று கம்பெனிக் கை கிளம்பிவிட்டது. எது காலி, எது நிறைந்தது என்று எங்களுக்குச் சொல்கிற ஒரே அடையாளத்தை ஒன்று விடாமல் அழித்துவிட்டு, கடைசிக் குழாயில் நின்றுகொண்டிருக்கிறார்.

அண்ணன் கத்துவதற்கு வாயைத் திறந்தார். நான் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன். என் வீட்டுக்காரரை எனக்குத் தெரியும். ஒரு குண்டு உள்ளே இருக்கிறது என்று கத்தினால் ஓடிவரமாட்டார். எதில் என்று பார்க்கத் திரும்பிப் போவார். ஒவ்வொன்றாகத் தாளைத் தூக்கிப் பார்த்து, சரிபார்த்துவிட்டுத்தான் வருவார். அப்படித்தான் அவருக்குப் பழக்கம்.

“ஏங்க, சாப்பாடு வந்துருச்சு. சூடு ஆறுது, வாங்க” என்று கூப்பிட்டேன். குரல் எப்படி சாதாரணமாக வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

அவர் நிமிர்ந்து கையை ஆட்டினார். உருளையை ஒழுங்காகச் சுற்றினார். அதைச் சுற்றி முடிக்கிற வரை எனக்கு உயிர் இல்லை. பிறகு நடந்து வந்தார். ஓடச் சொல்ல முடியாது, நடந்து வந்தார். கயிற்றைத் தாண்டியதும் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்து வண்டிக்குப் பின்னால் கொண்டுபோய்த் தள்ளினேன். சாப்பாடு எங்கே என்று கேட்டார். ஒரு குண்டு இன்னும் உள்ளே இருப்பதைச் சொன்னேன். அப்படியே அங்கே மிச்சம் கிடந்த மண்மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

மைதானத்தின் இந்தப் பக்கம் மேளம் கேட்டது. பல்லக்கைத் தூக்கிவிட்டார்கள்.

அண்ணன் ஒரு பக்கம் ஓடினார், நான் ஒரு பக்கம் ஓடினேன். நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். பல்லக்குக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றேன். அம்மனுக்கு முன்னால் ஒரு பொம்பளை குறுக்கே நிற்பது அந்த ஊருக்குப் புதிது. மேளம் தடுமாறி நின்றது. தூக்கியிருந்தவர்களில் ஒருவர் தெலுங்கில் ஏதோ திட்டினார். கவுடர் முன்னால் வந்து, மெதுவாக, “ஹொகெ ஹோக்தா இதெ அம்மா” என்றார். புகை போய்க்கொண்டிருக்கிறது என்கிறார். வாஸ்தவம். தூறல் அதை வேகவேகமாகக் கரைத்துக்கொண்டிருந்தது.

உள்ளே ஒரு குண்டு உயிரோடு இருக்கிறது, எதில் என்று எங்களுக்கே தெரியாது என்று எனக்குத் தெரிந்த மூன்று மொழியிலும் கலந்துகட்டிச் சொன்னேன். போன வருஷம் ஒன்றும் ஆகவில்லையே என்றார்கள். அதற்கு முந்தின வருஷமும் ஆகவில்லையாம். கூட்டம் பின்னாலிருந்து நெருக்கியது. பல்லக்கு ஒரு அடி முன்னால் வந்தது.

“கவுடரே, புகை போனா நான் தர்றன். ஆள் போனா யாரு தர்றது?” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். என் காலையும் பார்த்தார், அது நின்ற இடத்திலேயே துடித்துக்கொண்டிருந்தது. புகை எப்படித் தருவாய் என்று கேட்டார். எங்கள் வண்டியில் புகைக் குடுவைகள் இருந்தன. பகல் நேர நிகழ்ச்சிகளில் வெடிக்காமல் நிறப்புகை மட்டும் கக்குகிறவை. ஒரு கம்பெனி விழாவில் மிச்சமானவை. அம்மன் எப்போது கிளம்பினாலும் அந்த நேரத்தில் மைதானம் நிறையப் புகை இருக்கும், அது என் பொறுப்பு என்றேன். கவுடர் திரும்பி ஒரு வார்த்தை சொன்னார். பல்லக்கு கீழே இறங்கியது.

அந்த அரைமணி நேரத்தைப் பற்றி என்ன எழுதுவது? ரேஷன் கடை வரிசை எல்லாம் ஒன்றுமே இல்லை. கயிற்றுக்கு வெளியே இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தேன். ஏதாவது பொடிப் பிள்ளை கயிற்றுக்கடியில் புகுந்துவிடுமோ என்று ஒவ்வொரு தாயிடமும் போய் அவரவர் பிள்ளையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். இருமுறை சொன்னவர்கள் எரிச்சலானார்கள். குறைந்தது ஒரு சடை என்றாலும், மற்றச் சட்டங்களிலும் எது தங்கியிருக்கிறதோ தெரியாது. வயரைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாமா என்று அண்ணன் டார்ச் அடித்தார். எல்லா வயரும் சேறும் மண்மூட்டையுமாகச் சிக்கிக் கிடந்தன, எது எதற்குள் போகிறது என்று கிட்டப் போகாமல் சொல்ல முடியாது. கிட்டப் போகிற பேச்சே கிடையாது. அண்ணன் மேல் கோபம் வந்தது. அன்றைக்கு அப்படிக் கத்தியிருக்கக்கூடாது. வீட்டுக்காரர் மேல் அதைவிடக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது, அதற்கு நேரமில்லை என்று மறுபடி நடந்தேன். ஒருவேளை எனக்குத்தான் கண் தப்பியிருந்தால் ஊர் சிரிக்குமே என்றும் ஒரு பயம். குண்டு இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். கொஞ்சம் தூரம் நடந்தபின், இருந்துதான் தொலையட்டும் என்றும் தோன்றியது.

தண்ணீர்தான் ஒரே வழி என்று அண்ணன் முடிவு செய்தார். தக்காளிக்கு மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயரை ஒருவர் டிராக்டரோடு கொண்டுவந்தார். டிரம்மில் கிணற்றுத் தண்ணீர் நிரப்பினார்கள். நேரம் முழுசாக ஆன பிறகு, டிராக்டரின் பெரிய டயருக்குப் பின்னால் மறைந்துகொண்டு, அண்ணன் ஸ்பிரேயரின் நீளக் குழாயை உயர்த்தித் தூரத்திலிருந்தே தண்ணீரைப் பீய்ச்சினார். நான் டார்ச் பிடித்தேன். வேகம் தாங்காமல் தாள்கள் ஒவ்வொன்றாக ஓட்டை விழுந்து உள்ளே அமிழ்ந்தன. கறுப்பு வாய்கள் வரிசையாகத் திறந்துகொண்டே வந்தன. காலி, காலி, காலி.

சடைகளின் சட்டத்தில் இடதுபக்கம் இரண்டாவது குழாய். தண்ணீர் பட்டு மேல்தாள் கிழிந்து ஒரு பக்கமாகச் சுருண்டது. அதற்கு அடியில் கறுப்பு தெரியவில்லை. இன்னொரு வெள்ளித்தாள் இருந்தது. நாங்கள் மத்தியானம் மூடிய தாள், சுருக்கம் விழாமல், டார்ச் வெளிச்சத்தில் அப்படியே மின்னியது.

அண்ணன் அந்த ஒரு குழாய்க்கே தண்ணீரைத் திருப்பி, அடித்தாளும் கிழிந்து, உள்ளே நிறைந்து வழிகிற வரை நிறுத்தாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

குழாய்களை விட்டு விலகி எதிர்ப்பக்க வரப்பை ஒட்டி பல்லக்குக்கு வழி விட்டோம். முன்னும் பின்னும் புகைக் குடுவைகளை வைத்துப் பற்ற வைத்தேன். மிச்சம் இருந்தது எல்லாமே ரோஸ் கலர் என்பதை நான் கவுடரிடம் சொல்லியிருக்கவில்லை. மைதானம் பூராவும் ரோஸ் புகை கிளம்பியது. அம்மன் அதற்குள் புகுந்து இருமுகிறவர்களோடு ஓடி வெளியே வந்தாள். ரோஜாத் தோட்டக்காரர்களுக்கு அது பிடித்துவிட்டது. அடுத்த வருஷமும் இதே நிறம்தான் வேண்டும் என்று கவுடர் அண்ணனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஊறிப்போன குண்டை அண்ணன் தன் கையாலேயே எடுத்துத் தண்ணீர் டிரம்மில் இறக்கினார். வேறு யாரையும் கிட்டே விடவில்லை. பிறகு வீட்டுக்காரர் பக்கம் வந்து நின்று, தோளில் ஒருமுறை கையை வைத்துவிட்டு வண்டிக்குப் போனார்.

நானும் அவரும் மண்மூட்டை மேல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். சாப்பாடு நிஜமாகவே வந்திருந்தது, பிரிக்கவில்லை. அவர் தன் வலது கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லாத்துலயும் நான் போட்ட தாளு நடுவுல தொங்குச்சு. அது ஒண்ணு மட்டும் இறுக்கமா இருந்துச்சு. அடித்தாள பாக்கல, நல்லா மூடியிருக்குன்னு நெனச்சி, ஒரு தட்டு தட்டிட்டு வந்தன்” என்றார்.

எந்த இடத்தில் முகத்தை வைத்துக்கொண்டு தட்டினார் என்று நான் கேட்கவில்லை. வாயில் டார்ச் இருந்தது. குனிந்துதான் இருந்திருக்க வேண்டும். என் உடம்பில் எதுவுமே அசையவில்லை. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. அவர் என் முழங்காலை ஒருமுறை பார்த்தார், பிறகு மறுபடி பார்த்தார்.

“கொஞ்சம் கால ஆட்டேன். பயமா இருக்கு” என்றார்.